போன வருஷம் மாதிரியே

ஸ்கூட்டர் ஓட்ட நாங்கள் இருவரும் ஒரே நாளில்தான் கற்றுக்கொள்ளத் தொடங்கினோம். நான் அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த மறுவருடம் அது. மூத்த மருமகள் அவள். ஓரகத்தி என்று சொல்ல ஒரு மாதிரி இருக்கும் என்பதால் ஊரில் எல்லோரிடமும் அக்கா என்றே சொல்லிவந்தேன். இங்கும் அப்படியே இருக்கட்டும். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் ஒரு பள்ளிக்கூட மைதானம். என் கணவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, முதலில் அக்காதான் ஏறினாள். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனாள். பிறகு கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலைப் பார்த்து நேராகப் போய், அதில் ஏறி, வண்டியோடு சாய்ந்தாள். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். முழங்கையில் லேசான சிராய்ப்பு.

"எனக்கு இது வரல. நீ படிச்சிக்கோடி, நான் பின்னால உக்காந்துக்கிடுதேன்" என்றாள்.

அவ்வளவுதான். அதன் பிறகு அவள் வண்டியின் கைப்பிடியைத் தொட்டதே இல்லை. நான் விட்டேனா? அந்த மைதானத்தில் நான் விழாத இடம் கிடையாது. முட்டி தேய்ந்து, பாதம் வீங்கி, ஒரு தடவை பள்ளிக்கூடத்துக் காவலாளியின் நாற்காலியைக் கூட உடைத்து, கடைசியில் லைசென்ஸ் வாங்கினேன். வாங்கி என்ன கண்டேன் என்றால், அடுத்த இருபது வருடத்துக்கு மேல் அக்காவுக்கு டிரைவர் வேலை பார்த்தேன்.

பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஊருக்குக் கொடுத்துவிடுவாள். பஞ்சு மார்க்கெட் தாண்டும்வரை அந்தக் கை இறங்காது. பூக்காரி, பேண்டேஜ் துணி ஏற்றும் ஆட்டோக்காரர், மில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள், எல்லோருக்கும் ஒரு அசைப்பு. அவர்களும் "எங்கம்மா கெளம்பிட்டீக?" என்று அவளைத்தான் கேட்பார்கள். ஓட்டிக்கொண்டு போகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதே யாருக்கும் தோன்றாது. மம்சாபுரத்தில் அவள் அம்மா வீடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம். அந்த ரோட்டில் நாங்கள் போகாத நாள் குறைவு.

"ஏட்டி, மலையில மழ எறங்குது பாரு."

"பாத்தா லாரிக்கு அடியில போயிருவோம்க்கா."

"சரி சரி, நீ ரோட்டப் பாரு. உனக்கும் சேத்து நான் பாத்துக்கிடுதேன்."

மேற்குத் தொடர்ச்சி மலையை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் அதன் அடிவாரத்து ரோட்டில் வண்டி ஓட்டியும், எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போகிற பஸ்ஸின் பின்பக்கம்தான். வீட்டுக்கு வந்தவுடன் மேகம் எப்படி இறங்கியது, எந்த இடத்தில் வெயில் விழுந்தது என்று என் மகளுக்கு அக்கா விவரமாகச் சொல்வாள். என் மகள் வாயைப் பிளந்து கேட்பாள். என்னுடைய பொறாமை அந்தப் பின் சீட்டில்தான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

நான் சும்மா இருக்கப் பிறந்தவள் இல்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் போனேன். துணியில் பெயிண்டிங் போனேன். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். தபால் வழியில் எம்.எட். முடித்தேன். யோகா செய்தேன். வீட்டில் அரிசியை நிறுத்திவிட்டு ஒரு வருடம் முழுக்கக் குதிரைவாலியும் சாமையும் சமைத்தேன். கோபத்தைக் குறைப்பது எப்படி என்று ஒரு வகுப்புக்குப் பணம் கட்டி, அங்கே நடத்தியவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். அக்கா இது எதிலும் சேரவில்லை. சேராதது கூடப் பரவாயில்லை. நான் ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு மாடியில் அவள் போர்ஷனுக்குப் போய்ச் சொல்லும்போது, "அடேயப்பா! எம்புட்டு படிச்சிட்ட!" என்று மனதார மகிழ்ந்துபோவாள். அதில் பொய் இருக்காது. கொஞ்சமாவது முகம் சுளித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைக்கூட என்னால் சொல்ல முடியாது. அப்படி ஒன்று இருந்திருந்தால் என் வயிற்றெரிச்சலுக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கும். வீட்டிலிருந்தபடியே ஒரு காண்டிராக்டருக்கு நைட்டி தைத்துக் கொடுத்தாள். தையல் சுமார்தான். குழம்பில் தினமும் உப்பு ஒரு கல் கூடுதலாகவே இருக்கும். "உப்பு செத்த தூக்கலாப் போச்சு, சோத்த நல்லாப் போட்டுப் பெசஞ்சுக்கோங்க" என்று தினமும் அதே வரியைச் சொல்லித்தான் பரிமாறுவாள். கல்யாணமான நாளிலிருந்து சாகும்வரை அந்த ஒரு கல் உப்பைக் குறைக்க அவள் முயற்சி செய்யவே இல்லை. நான் கீழே சாமைச் சோறும் பாசிப்பருப்பு மசியலும் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். என் வீட்டுக்காரரும் மகளும் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

காண்டிராக்டர் நல்ல மனுஷன். தெருவில் இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு அக்காவே அவர்களை மேற்பார்வை பார்க்கட்டும், ஓரம் அடிக்கப் புது ஓவர்லாக் மிஷின் தருகிறேன் என்று வீடு தேடி வந்து கேட்டார். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாய்ப்பு எனக்கு வந்திருந்தால் அன்று சாயங்காலமே பெயர்ப்பலகை எழுதக் கொடுத்திருப்பேன்.

"இம்புட்டு போதும்ண்ணே" என்றாள் அக்கா. "சாயங்காலம் மில்லுச் சங்கு ஊதுனதும் எந்திரிச்சிரணும் எனக்கு. அவளுகள மேய்க்கப் போனா எந்திரிக்க முடியுமா?"

உண்மைதான், சங்கு ஊதினால் எழுந்துவிடுவாள். அரைத் தையல் ஓடிக்கொண்டிருந்தாலும் ஊசியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, மிஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிடுவாள். அரைத் தையலோடு ஒரு துணியை விட்டுவிட்டு எழுந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அவள் முகம் கழுவி, மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். எதிர்வீட்டில் தெலுங்கு பேசும் அம்மா ஒருவர் இருந்தார். அவரும் அந்த நேரத்துக்குச் சரியாக வெளியே வருவார். அக்காவை "வதினா" என்று கூப்பிடுவார், அண்ணியை அழைப்பதுபோல. அவர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததும், ரேஷன் கார்டுக்கு மனு எழுதிக் கொடுத்ததும் நான். என்னை அவர் கடைசிவரை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்.

நாங்கள் போகும் கிறிஸ்தவ சபையில் வருடப்பிறப்பு அன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒன்று. மனதுக்குள் ஜெபித்துவிட்டு எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்குக் கடவுள் சொல்கிற சொல். இன்னொன்று எடுக்கக் கூடாது. யாரிடமும் மாற்றிக்கொள்ளவும் கூடாது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் மாற்றிக்கொண்டவர்களை நான் கேள்விப்பட்டதும் இல்லை.

எம்.எட். பரீட்சை இருந்த வருடம் எனக்கு வந்தது இளைப்பாறுதலைப் பற்றிய வசனம். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு வேலையைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறேன், இளைப்பாறு என்றால் என்ன அர்த்தம்? பெயிலாகிவிடுவேன் என்கிறாரா? பக்கத்தில் அக்கா கேக் தின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த அட்டையை எட்டிப் பார்த்தேன். ஓட்டப் பந்தயத்தைப் பற்றிய வசனம். நேராக எனக்கென்றே எழுதியது.

"அக்கா, மாத்திக்கிடுவோமா?" என்றேன், உதடு அசையாமல்.

"எடுத்துக்கோ. ரெண்டும் அவர் சொன்னதுதான?" என்று படித்துக்கூடப் பார்க்காமல் நீட்டிவிட்டாள். பிறகுதான் என்னுடையதைத் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, இதல்லவா நல்லா இருக்கு! நெசமாத்தான் குடுக்கியா?"

அந்த வருடம் என் பிரிட்ஜ் கதவில் ஓட்டம் ஒட்டியிருந்தது. நானும் ஓடினேன், வீட்டுக்கும் பள்ளிக்கும் பரீட்சைக்கும். மாடியில் அக்கா கட்டிலுக்கு மேல் சுவரில் இளைப்பாறுதலை ஒட்டிவிட்டு, தினமும் மதியம் அதன் கீழே படுத்து ஒரு மணி நேரம் தூங்கினாள். லேசான குறட்டையோடு. துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போகிறபோதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும். என் கையாலேயே தூக்கிக் கொடுத்த தூக்கம் அது என்று நினைக்கும்போது, கொடியிலிருந்த துணிகளைக் கொஞ்சம் வேகமாகத்தான் இழுப்பேன்.

அட்டை எடுத்து முடிந்தபின் பெண்கள் மட்டும் ஹாலில் உட்காருவோம். ஒவ்வொருவரும் எழுந்து அந்த வருடத்துக்கான தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். ஒருத்தி வேதத்தை முழுக்க வாசித்து முடிப்பேன் என்பாள். ஒருத்தி சீரியலை விடுவேன் என்பாள். ஒருத்தி மருமகளிடம் அன்பாக இருப்பேன் என்பாள், மருமகளும் அங்கேயேதான் இருப்பாள். நான் சொல்கிற தீர்மானம் ஆவிக்குரிய வாழ்க்கை, குடும்ப வாழ்க்கை, உடல்நலம் என்று தலைப்புப் பிரித்து இருக்கும். பாஸ்டர் அம்மா அதைக் கேட்டுத் தலையசைப்பார். மற்றவர்கள் கேக் தட்டைப் பார்ப்பார்கள்.

அக்காவின் முறை வரும். எழுந்திருப்பாள். "போன வருஷம் மாதிரியே இருந்துக்கிடுதேன்" என்பாள். உட்காரப் போகிறவள், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி மறுபடி நிமிர்ந்து, "கேக்கு யாரு செஞ்சது? பஞ்சு மாதிரி இருக்கு" என்பாள்.

ஹாலே சிரிக்கும். வருடம் போகப்போக, அவள் முறைக்காகவே பெண்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அவள் எழுந்ததும் நாலைந்து பேர் சேர்ந்து "போன வருஷம் மாதிரியே!" என்று கூடவே சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆனால் டிசம்பரில் கணக்குப் பார்த்தால், சொன்ன தீர்மானத்தைச் சொன்னபடி நிறைவேற்றியவள் எங்கள் சபையில் அவள் ஒருத்திதான். அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. உப்புக் குழம்பும், வதினாவும், தூக்கமும் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் மகளைத்தான் என்னால் விட முடியவில்லை.

அவள் பிறந்ததும் நினைத்துக்கொண்டேன், இவள் எதுவானாலும் முதலில் என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று. என் அம்மாவிடம் நான் எதையும் சொல்ல முடிந்ததில்லை, இவளாவது சொல்லட்டும் என்று. அதற்காகக் குழந்தை வளர்ப்பு பற்றி எவ்வளவோ படித்தேன், வீடியோ பார்த்தேன். நடந்தது என்ன? பள்ளி விட்டு வந்ததும் பையைக் கீழே என் போர்ஷனில் எறிந்துவிட்டு மாடிக்கு ஓடிவிடுவாள். என் மகள் வயதுக்கு வந்தது எனக்கு மாடியிலிருந்துதான் தெரியவந்தது. அக்காதான் பாதிப் படியில் நின்று, முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி, "ஏட்டி, கீழ என்னட்டி செய்யுத, மேல வா" என்று கூப்பிட்டாள். நான் போனபோது எல்லாம் முடிந்து, பிள்ளை தலைகுளித்து, அவள் மடியில் சாய்ந்து உளுந்தங்களி தின்றுகொண்டிருந்தாள். அக்காவுக்கு மகன் ஒருவன்தான். பெண் பிள்ளை இல்லாத குறையை என் பிள்ளையை வைத்துத் தீர்த்துக்கொண்டாள் என்று அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணிக்குக் குறைன்னு ஒண்ணு எப்ப இருந்துச்சு?" என்று கேட்டார் அவர். அதற்காக அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

அந்த மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் கணக்கில் பெயில். நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அவன் அம்மாவும் சரி என்றுவிட்டாள். லோடு ஆட்டோ ஓட்டினான். எங்கே லோடு இறக்கினாலும், தூரத்துத் தேவதானம்வரை போயிருந்தாலும் சரி, மதியச் சாப்பாட்டுக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். அம்மாவும் மகனும் மாடியில் உட்கார்ந்து உப்புக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டு என்ன பேசுவார்களோ, சிரிப்புச் சத்தம் கீழேவரை வரும். என் மகள் இன்ஜினியரிங் முடித்துப் பெங்களூருவில் பெரிய வேலையில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பின்னால் உடற்பயிற்சி மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். நடந்துகொண்டே பேசுகிறேன்மா, நேரம் மிச்சம் என்பாள். என்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

அதற்கு முன்னால், அவள் ஒன்பதாவது படிக்கும்போது நடந்த ஒன்றைத்தான் நான் அக்காவுக்கு மன்னிக்கவில்லை. கீபோர்டு வகுப்புக்காக மகளைச் சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போவேன். சிறு பிள்ளையாக இருந்ததிலிருந்து வருடக்கணக்காக. அந்தக் கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சியில் பாடகர் குழுவுக்கு அவள்தான் வாசிக்க வேண்டும். நான் முதல் வரிசையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு போனது. இரண்டாவது பாட்டில் நடுவில் கை நின்றுவிட்டது. பாடகர் குழு மெல்ல இழுத்துக்கொண்டு போய்ப் பாட்டை முடித்துவிட்டார்கள். மகள் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

நான் தேடிக்கொண்டு போனேன். செருப்புகள் கிடந்த பின் வாசல் படியில், அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூணுக்கு இந்தப் பக்கம் நான் நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை.

"பெரியம்மா, எனக்குக் கீபோர்டே பிடிக்காது. என்னைக்குமே பிடிக்கல."

"அப்படியா தங்கம்? பிடிக்கலன்னா விட்டுரு."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் கேட்கிறது. கையில் இருக்கிற முறுக்கு நமத்துப்போச்சு, கீழே போட்டுரு என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். என் மகளுக்கு அது பிடிக்காது என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. எத்தனையோ சனிக்கிழமை பின்னால் உட்கார்ந்து வந்த பிள்ளை, என் முதுகிடம் கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஏறினேன்.

"எம்பிள்ளைட்ட விட்டுருன்னு சொல்ல நீங்க யாருக்கா? நீங்க சும்மா இருக்கீகங்கிறதுக்காக என் பிள்ளையையும் அதுக்குப் பழக்காதீக."

அக்கா கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. "தப்புதான்டி. இனிமே சொல்லல. சாப்பிட்டியா?" என்றாள்.

முடிந்தது சண்டை. நான் சொல்ல நினைத்ததில் கால்வாசிகூடச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கிறிஸ்துமஸ் கறிக்குழம்பு ஒரு தூக்குவாளி நிறையக் கீழே வந்தது. அந்தச் சண்டைக்கு மேற்கொண்டு என்னென்ன பேசியிருக்கலாம் என்று நான் பல மாதம் யோசித்துக்கொண்டே இருந்தேன், பாத்திரம் கழுவும்போது, வண்டி ஓட்டும்போது, பரீட்சைத்தாள் திருத்தும்போது. பின் சீட்டில் அவள் ஊருக்குக் கையசைத்துக்கொண்டு வந்தாள். கீபோர்டு உறைக்குள் போனது. மறு மாதமே மகளை ஹிந்தி வகுப்பில் சேர்த்தேன்.

ஒரு நாள் அவளும் தவித்துப்போவாள் என்று காத்திருந்தேன். எதையும் இறுக்கிப் பிடிக்காமல் இருந்துவிட்டோமே என்று ஒரு தடவையாவது அவள் உட்கார்ந்து அழ வேண்டும், நான் அப்போது ஆறுதல் சொல்ல வேண்டும். இதுதான் என் ஆசை. அவளுக்குச் சர்க்கரை வந்தபோது அந்த நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் நடக்கச் சொன்னார். நான் விடுவேனா, விடியற்காலையில் எழுப்பிக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போனேன். என்னோடு கொஞ்ச தூரம் நடப்பாள். "நீ போயிட்டு வா. நான் செத்த நேரம் இருக்கேன்" என்று மதகுச் சுவரில் உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் சொன்னதில் பாதி நடந்தாயிற்று, அது போதுமாம். மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டாள். நான் கை வீசி வேகநடை போட்டுத் திரும்பி வருவதற்குள், நடக்க வந்த மற்ற பெண்களும் அவள் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விடுவார்கள். சிரிப்பும் கொஞ்சம் குறையும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரி இல்லை, குழாய் இல்லை, யாருக்கும் கஷ்டமில்லை. மகன் காபிக்கு எழுப்பப் போய்த்தான் தெரிந்தது. நான் மாடியில் அவள் காலடியில் நின்றேன். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் பொறாமை வந்தது. இதைக்கூட எவ்வளவு லேசாக முடித்துவிட்டாள் என்று.

பெங்களூருவிலிருந்து மகள் வந்தாள். சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததைக் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். "பெரியம்மா, நான் இனி யார்ட்ட சொல்லுவேன்?" என்று கேட்டுக்கேட்டு அழுதாள். பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, இவள் எனக்கு இப்படி அழுவாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அழமாட்டாள் என்றுதான் தோன்றியது. அந்த எண்ணத்தோடு நான் அழுத அழுகையை, ஓரகத்தி மேல் எவ்வளவு பாசம் பாரு என்று சபையில் இன்றும் சொல்கிறார்கள்.

அக்காவின் கணவர் இப்போது மகனோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். மாடிப் போர்ஷனுக்குப் பூட்டு போட்டிருக்கிறது.

இந்தப் பங்குனியில், ஒரு வேலைநாளில், சொல்லாமல் கொள்ளாமல் மகள் வந்து நின்றாள். தோளில் ஒரு பை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் பையை என் வாசலில் எறிந்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாள். பாதியில் பூட்டு கண்ணில் பட்டது போல. அப்படியே அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். படி அகலம் குறைவு, இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது. இவள் ஏதோ சொல்லப் போகிறாள், மேலே யாருமில்லாததால் என்னிடம் சொல்லப் போகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. இந்த ஒரு தடவை நான் கெடுத்துவிடக் கூடாது.

"வேலைய விட்டுட்டேன்மா" என்றாள்.

ஏன், எப்போது, யாரைக் கேட்டு, கையில் வேறு வேலை இருக்கிறதா, இல்லாமல் விடுவார்களா, ஒரு கோர்ஸாவது சேர்ந்தாயா என்று எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினேன். அக்காவாக இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்துச் சொன்னேன்.

"சரி தங்கம். பிடிக்கலன்னா விட்டுரு. வா, சாப்பிடு."

அக்காவின் இழுவை, குழைவு எல்லாம் அச்சாக வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மகள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"இல்லையே."

"பொறவு ஏன் இப்படிப் பேசுற?"

"நல்லாத்தான பேசுதேன்? பெரியம்மா இருந்தா இப்படித்தான சொல்லிருப்பாக?"

"அவிய சொல்லிருப்பாக. நீ சொன்னாப் பயமா இருக்கும்மா." அவள் குரல் உடைந்தது. "எல்லாமே மாறிப்போச்சு. நீயாவது உன்ன மாதிரி பேசு. நீ திட்டுவன்னு தெரிஞ்சுதான நான் பஸ் ஏறுனேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

திட்டினேன். முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். யாரைக் கேட்டு விட்டாய் என்று கேட்டேன். வாடகைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். கண்ணைப் பார், கன்னத்தைப் பார், ஒழுங்காகத் தின்றாயா, தூங்கினாயா, இப்படி உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஒரு வேலை பார்ப்பார்களா, அதை ஏன் முன்பே விடவில்லை என்று கேட்டேன். கடைசியில் சொன்னது முதலில் சொன்னதற்கு நேர் எதிராகப் போய்விட்டது, அதையும் விடாமல் திட்டினேன். எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மகள் என் தோளில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் வழிகிற நீரைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்குவதற்காகச் சற்று நிறுத்தினேன்.

"இன்னும் இருக்குமே, சொல்லும்மா" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

நிமிர்ந்து மாடிப் பூட்டைப் பார்த்தேன். இது உங்களுக்குக் கிடைத்ததே இல்லை அக்கா, என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினேன்.